மணப்பாறை ஆசிக்கின் ஹெட்போன்

ஜூன் 2, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் வீட்டுக் கம்ப்யூட்டரின் லினக்ஸைப் புதிய பதிப்புக்கு ஏற்றினேன். கறிக்குழம்பு கொதித்து அடங்குவதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஒரு பிழைச்செய்தி இல்லை. விண்டோஸ்காரர்கள் இதைப் பார்த்தால் வயிறெரிவார்கள் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மாலையில் ஜெசிந்தா ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஐந்து நிமிடத்தில் குரல் வந்தது.

"என்னங்க, சத்தமே வரல."

ஸ்பீக்கரில் வருகிறது. ஹெட்போனில் வரவில்லை. சத்த அளவுகளைக் காட்டும் திரையைத் திறந்து பார்த்தேன். ஹெட்போன் என்ற பட்டையை ஊமையாக்கி வாயை மூடிவைத்திருக்கிறது. எம் என்ற ஒரே ஒரு விசையைத் தட்டினேன், திறந்துகொண்டது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு எழுந்தேன். அணைத்துவிட்டு மறுபடி போட்டால் திரும்பவும் மூடிக்கொண்டது.

திறந்ததை அப்படியே சேமித்துவைக்க ஒரு கட்டளை உண்டு. ஆனால் மூல காரணம் தெரியாமல் சேமித்துவைப்பது காய்ச்சலுக்கு மாத்திரையைப் போட்டுவிட்டு ரத்தப் பரிசோதனையை விட்டுவிடுவது மாதிரி. ஜெசியிடம் இப்படித்தான் சொன்னேன். அவள் நர்ஸ், அவளுக்குப் புரியும் என்று. "நாங்க முதல்ல மாத்திரைதாங்க குடுப்போம்," என்றாள்.

என்ன மாற்றினோம் என்று எழுதிவைக்காதவன் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்று கல்லூரி ஆய்வகத்தில் எல்லோருக்கும் சொல்பவன் நான். அந்த ஆய்வகத்தின் லினக்ஸ் பெட்டிகள் எல்லாம் என் பொறுப்பு. ஆகவே வீட்டிலும் இந்த டைரி. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். அன்றன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

ஜூன் 3, திங்கள்

காஸ் சிலிண்டர் பதிவு செய்தேன். மகள் ஷரோனுக்குச் சீருடை தைக்கக் கொடுத்த டெய்லர் இன்னும் துணியையே பிரிக்கவில்லை. பள்ளி திறக்க ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால், "ஒரு வாரம் இருக்குல்ல சார்," என்கிறார்.

ஜெசியின் விஷயத்தையும் இங்கே எழுதிவைக்கிறேன், இல்லாவிட்டால் எதற்கு இந்த அவசரம் என்று பிறகு எனக்கே புரியாது. அவள் தினமும் மாலையில் ஆன்லைனில் ஜெர்மன் படிக்கிறாள். அவளோடு வேலை பார்க்கும் சுபைதாவும் படிக்கிறாள். பயிற்சி நிறுவனம் இருபத்து மூன்றாம் தேதி ஒரு தேர்வு வைக்கிறது. காதால் கேட்டு எழுதுகிற தேர்வு. தேறியவர்களை அந்த ஊர் மருத்துவமனை ஒன்று நேர்காணலுக்கு எடுத்துக்கொள்ளும். அப்புறம் விசா, விமானம், வேலை. முதலில் அவள் மட்டும்தான் போக முடியும். நானும் ஷரோனும் போவதெல்லாம் பிறகு.

தேர்வைக் கைப்பேசியில் எழுதக்கூடாது. புளூடூத் கூடாது. கம்பி வைத்த ஹெட்போன், கம்ப்யூட்டர், கேமரா. வகுப்பைக் கைப்பேசியில் சமாளித்துவிடுகிறாள், பயிற்சித் தேர்வுகள் மட்டும் கம்ப்யூட்டரில்தான் திறக்கின்றன. ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டால் ஷரோனின் டிவி, மேல் வீட்டு மிக்சி, தெருவில் கோலமாவு விற்பவர் எல்லோரும் ஜெர்மன் பேசுகிறார்கள்.

"ரெண்டு நாள் குடு, ஜெசி. வேரோட பிடுங்கிடறேன்," என்றேன்.

ஜூன் 5, புதன்

மேசைக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். பெட்டியின் முன்பக்கத் துளை, பின்பக்கத் துளை இரண்டிலும் மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தேன். பின்பக்கம் கரப்பான் முட்டையும் தூசியும், ஒரு குடும்பமே நடத்தலாம் போலிருந்தது.

மாற்றம்: சவுண்ட் கார்டு இன்ன மாடல் என்று நானே ஒரு கோப்பில் எழுதிவைத்தேன். அதுவாகக் கண்டுபிடிக்காததால் குழம்புகிறது என்பது என் எண்ணம்.

பலன்: இப்போது எம் விசையைத் தட்டினாலும் ஹெட்போனில் வருவதில்லை. ஆனால் நோய் எங்கே இருக்கிறது என்பது எனக்கு நெருங்கி வருகிறது.

ஜூன் 6, வியாழன்

ஜெசிக்கு இந்த வாரம் நைட் டூட்டி. காலையில் வந்து தூங்காமல் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறாள். "வருதா?" என்று கேட்டேன். "வரும்னு சொன்னீங்க," என்றாள். இதில் ஒரு குத்தல் இருந்தது.

வெப்கேமராவின் மைக் தானாகவே முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டு மற்றதையெல்லாம் ஓரம்கட்டுகிறது. அதுதான் குழப்பத்துக்குக் காரணமோ என்று சந்தேகம்.

மாற்றம்: யுஎஸ்பி வழியாக வரும் ஒலிக் கருவி எதையும் கண்டுகொள்ளாதே என்று அதே அடைவில், அதாவது ஃபோல்டரில், இன்னொரு கோப்பில் ஒரு வரி எழுதினேன்.

பலன்: வெப்கேமரா மைக் ஒழிந்தது. ஹெட்போன் அப்படியேதான் இருக்கிறது. முந்தின மாற்றத்தை எடுக்காமல் இதைச் செய்தது என் விதிக்கு மாறானது. அவசரம்.

ஜூன் 9, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. ஜெசியும் ஷரோனும் போய்விட்டு வந்தார்கள். பங்குத் தந்தை என்னைக் கேட்டாராம். "மேசைக்கு அடியில இருக்காங்க ஃபாதர்னு சொன்னேன்," என்றாள் ஷரோன். எட்டு வயதில் இந்த வாய்.

மதியம் சுபைதா வந்தாள். கையில் ஒரு யுஎஸ்பி ஹெட்செட். தன் தம்பியுடையதாம்.

"அண்ணே, இதைச் செருகினா சவுண்ட் கார்டே வேணாமாமே. தம்பி சொன்னான்," என்றாள்.

சரிதான். யுஎஸ்பி ஹெட்செட்டில் அதற்கான சவுண்ட் கார்டு அதற்குள்ளேயே இருக்கிறது. செருகினாள். விளக்கு எரிந்தது. சத்தம் இல்லை. ஜெசி என்னைப் பார்த்தாள்.

"சில பிராண்டு நம்ம சிஸ்டத்துக்கு ஒத்து வராது," என்றேன்.

சுபைதா டீ குடித்துவிட்டுப் போனாள். ஹெட்செட்டையும் எடுத்துக்கொண்டு போனாள். "எங்க வீட்ல வேலை செய்யுதேண்ணே," என்று வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னாள், சண்டையாக இல்லை, வருத்தமாக.

ஏன் வரவில்லை என்பதற்குக் காரணம் எனக்குத் தோன்றியது. இட்லிக்கு அரைக்க வேண்டியிருந்தது, அரைத்தேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தது. டெய்லர் சொன்னபடி ஒரு வாரத்தில் கொடுத்துவிட்டார். பாவாடை ஒரு சாண் நீளம்.

ஜூன் 12, புதன்

இன்று வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வராமல் காவிரிப் பாலத்தில் சற்று நேரம் நின்றேன். தண்ணீர் இல்லை, மணல்தான். ஒரு காரணமும் இல்லை, சும்மா.

வீட்டில் ஜெசி சமைத்துக்கொண்டே வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ரயில் நிலைய அறிவிப்பாம். எத்தனையாவது நடைமேடை, எத்தனை நிமிடம் தாமதம். அந்த ஊர்க்காரர்கள் தாமதமாகும் ரயிலுக்குக்கூட இவ்வளவு மரியாதையாக மன்னிப்பு கேட்கிறார்கள். ஷரோன் பின்னாலேயே நின்று ஒன்று, இரண்டு, மூன்று என்று ஜெர்மனில் எண்ணினாள். இருவரும் சிரித்தார்கள். நான் உள்ளே வந்ததும் சிரிப்பு நிற்கவில்லை, ஆனால் கொஞ்சம் குறைந்தது. இதை எழுத வேண்டியதில்லைதான்.

"பத்து நாள்தான் இருக்கு," என்றாள் சாப்பிடும்போது. "புதுசா எல்லாத்தையும் அழிச்சிட்டுப் போட்டுட முடியாதா?"

அழித்துவிட்டுப் போடுவது தெரியாதவன் செய்கிற வேலை. காரணம் தெரியாமலே போய்விடும். "பார்க்கிறேன்," என்றேன்.

ஜூன் 14, வெள்ளி

எங்கள் டெலிகிராம் குழுவில் புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். ஆசிக், மணப்பாறை. தமிழில் லினக்ஸ் சந்தேகங்களுக்கென்று நாங்கள் நாலு பேர் சேர்ந்து நடத்தும் குழு. எந்த முட்டாள்தனமான கேள்விக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்வது எங்கள் கொள்கை. நானே அதிகம் பதில் சொல்பவன். இதைப் பெருமையாகத்தான் எழுதுகிறேன்.

ஆசிக் எழுதியிருந்தார்: "அண்ணா வணக்கம். சிஸ்டம் அப்டேட் பண்ணதுக்கப்புறம் ஹெட்போன்ல சத்தம் வரல. எனக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவா தெரியாது. பொறுமையா சொல்லித் தருவீங்களா?"

படித்ததும் ஒரு பாசம் வந்துவிட்டது. அதே நோய். ஆய்வகத்தில் வேலை இல்லாத நேரம், உட்கார்ந்து விரிவாக எழுதினேன். சவுண்ட் கார்டு விவரத்தை எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். என்னுடைய அதே கார்டு. இந்த போர்டை ஊரெல்லாம் விற்றுத் தள்ளியிருக்கிறார்கள் போலிருக்கிறது.

ஆசிக் பகலில்தான் எழுதுகிறார். கடையில் வேலை பார்ப்பவராக இருக்கும்.

ஜூன் 15, சனி

தொட்டியில் பாசி. கழுவினேன். முதுகு பிடித்துக்கொண்டது. ஜெசி தைலம் தேய்த்துவிட்டாள். தேய்த்துக்கொண்டே, "இன்னைக்கு ஏதாவது செய்யப் போறீங்களா, அந்தப் பெட்டியை?" என்றாள்.

"இந்த முதுகை வெச்சிக்கிட்டு எப்படிக் குனியறது?"

தைலத்தை மூடிவைத்தாள்.

ஜூன் 17, திங்கள்

ஆசிக்கிற்குப் பதில் எழுதியதிலேயே காலை போய்விட்டது. அவர் ஒவ்வொன்றாகச் செய்துவிட்டு வந்து சொல்கிறார், நான் அடுத்ததைச் சொல்கிறேன். இப்படி ஒரு மாணவர் எனக்கு ஆய்வகத்தில் கிடைத்ததில்லை. எங்கே எந்த எழுத்தில் தடுமாறினார் என்று ஒளிக்காமல் சொல்கிறார். ஒருமுறை, "கோபப்படாதீங்க அண்ணா, தப்பா தட்டிட்டேன்," என்று எழுதினார். "இதுல கோபப்பட என்ன இருக்கு, நானும் இப்படித்தான் கத்துக்கிட்டேன்," என்று எழுதினேன். உண்மைதான்.

கடைசியில் சொன்னேன்: "முதலில் செய்ய வேண்டியதை விட்டுவிட்டோம் தம்பி. ஒரு பென் டிரைவில் புது சிஸ்டத்தை ஏற்றி அதிலிருந்து கம்ப்யூட்டரைத் துவக்குங்கள். உங்கள் சிஸ்டத்தில் எதுவும் அழியாது. அதில் ஹெட்போன் பாடினால் கருவியில் குறை இல்லை, உங்கள் சிஸ்டத்தில் யாரோ எதையோ மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பாடாவிட்டால் ஹெட்போனையோ கார்டையோ மாற்ற வேண்டும்."

எழுதி அனுப்பியபிறகு ஏனோ நெஞ்சுக்குள் கரித்தது. காலையில் சாப்பிட்ட வடை.

ஜூன் 18, செவ்வாய்

ஆசிக்: "அண்ணா, பென் டிரைவ்ல ஹெட்போன் பாடுது. ரெண்டு காதுலயும். யுஎஸ்பி ஹெட்செட் ஒண்ணு இரவல் வாங்கி வெச்சிருக்கேன், அதுவும் பாடுது. அப்ப எங்க சிஸ்டத்துலதான் கோளாறா?"

நான்: "ஆமாம். இனி சுலபம். நாளை சொல்கிறேன்."

ஏன் நாளை என்று எனக்கே தெரியவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். ஆய்வகத்தில் பரீட்சை எதுவும் நடக்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். இந்த வாரம் மறுபடி நைட் டூட்டி, ஜெசி தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை. பெட்டியையும் தொடவில்லை.

ஜூன் 19, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் ஆசிக்கிற்கு எழுதினேன்: "ஒலி சம்பந்தமாக யாராவது கையால் எழுதிவைத்த கோப்புகள் இன்ன அடைவில் இருக்கும். அவற்றை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு, அணைத்துப் போடுங்கள். ஹெட்போன் ஊமையாக இருந்தால் எம் விசையைத் தட்டித் திறந்து, இந்தக் கட்டளையால் சேமித்துவிடுங்கள். முடிந்தது."

அரை மணி நேரத்தில் பதில்: "சரியாயிடுச்சு அண்ணா. ரொம்ப ரொம்ப நன்றி. ரெண்டு கோப்பு இருந்துச்சு. ஒண்ணுல கார்டு மாடல் தப்பா எழுதியிருந்துச்சு. இன்னொண்ணுல யுஎஸ்பி ஹெட்செட்டைக் கண்டுக்காதேன்னு ஒரு வரி. யார் அண்ணா இதையெல்லாம் போட்டிருப்பாங்க?"

நான் அதைப் படித்தேன். இரண்டு தரம் படித்தேன். சத்தியமாக அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அல்லது உறைத்ததை உள்ளே விடவில்லை. பதில் எழுதினேன்: "யாராவது அவசரத்தில் போட்டிருப்பார்கள் தம்பி. பிறகு மறந்திருப்பார்கள்."

கைகூப்பும் படம் ஒன்று வந்தது.

மாலையில் வீட்டுக்குள் நுழைந்தபோது ஷரோன் பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். ஜெசி கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள், ஹெட்போன் மாட்டியிருந்தாள், வலது கை வேகமாக எழுதிக்கொண்டிருந்தது. அறையில் ஒரு சத்தமும் இல்லை. நான் வந்தது அவளுக்குக் கேட்கவில்லை. பின்னால் நின்று அவள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒலி முடிந்ததும் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள். திரும்பினாள்.

"மறந்திருப்பாங்களா?" என்றாள்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆசிக் சுபைதாவோட தம்பி," என்றாள். "அவன் நம்பர்தான். எழுதினது நான். மணப்பாறை மட்டும் சும்மா போட்டது, சுபைதா அந்த ஊர் முறுக்கு வாங்கிட்டு வந்திருந்தா."

"என்கிட்டயே கேட்டிருக்கலாமே, ஜெசி."

"கேட்டேன். ரெண்டு வாரமா உங்ககிட்டதான் கேட்டேன். பார்க்கிறேன்னீங்க." அவள் கத்தவில்லை. வார்டில் நோயாளியிடம் பேசுகிற குரலில்தான் பேசினாள், அதுதான் தாங்க முடியவில்லை. "ஆசிக்குக்கு எவ்வளவு பொறுமையாச் சொன்னீங்க. தம்பி தம்பின்னு. நான் தப்பாத் தட்டினப்ப கோபப்பட என்ன இருக்குன்னு எழுதினீங்க. அதைப் படிச்சிட்டு எனக்கு அழுகை வந்துடுச்சு. இவ்வளவு நல்லா சொல்லித் தர மனுஷன் நம்ம வீட்லயேதான் இருக்காரேன்னு."

"வேணும்னு செய்யல."

"வேணும்னு செஞ்சிருந்தா பரவால்லங்க. போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். சண்டை போடக்கூட எனக்கு ஒரு ஆளைக் குடுக்கலையே நீங்க."

ஹெட்போனைத் திரும்பவும் மாட்டிக்கொண்டாள். அடுத்த ஒலியைப் போட்டாள்.

ஜூன் 20, வியாழன்

வேண்டுமென்று செய்யவில்லை. இதை இங்கே எழுதிவைக்கிறேன்.

யுஎஸ்பி வரியை எழுதியபோது வெப்கேமராவைத்தான் நினைத்தேன். சுபைதா ஹெட்செட்டைச் செருகியபோது அந்த வரி ஞாபகம் வந்தது. வந்ததும் மாவு அரைக்கப் போனேன். அதற்குப்பின் எத்தனையோ மாலைகள் அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தேன், அந்த ஒரு வரியை மட்டும் அழிக்கவில்லை. இதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை.

குழுவிலிருந்து ஆசிக் விலகிவிட்டார் என்று அறிவிப்பு வந்தது.

ஜூன் 21, வெள்ளி

பெட்டியை முழுவதும் சோதித்தேன். முன் துளை, பின் துளை, மைக், கேமரா, யுஎஸ்பி. அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. மின்சாரம் போனால் என்ன செய்வது என்று கல்லூரியிலிருந்து ஒரு யுபிஎஸ்ஸைக் கடன் வாங்கி வந்து மாட்டினேன். மேசைக்கு ஒரு புது விரிப்பு போட்டேன்.

ஜூன் 22, சனி

ஜெசி பையை எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். அடையாள அட்டை, தண்ணீர் பாட்டில், பேனா.

"நாளைக்கு சுபைதா வீட்ல எழுதறேன்," என்றாள். "காஜாமலைதானே, பக்கம்தான். அவ அவளோட லேப்டாப்ல, நான் ஆசிக் கம்ப்யூட்டர்ல. ரெண்டு ரூம் இருக்கு."

"இங்கயே எல்லாம் சரியாயிடுச்சு, ஜெசி. நீயே பாரு."

"தெரியும். நான்தானே சரி பண்ணேன்."

"பின்ன என்ன? நான் நாளைக்கு அதைத் தொடக்கூட மாட்டேன்."

"தொட மாட்டீங்க. எனக்குத் தெரியும்." பையின் ஜிப்பை இழுத்தாள். "ஆனா இங்க உட்கார்ந்தா பாதிக் காது தேர்வுல இருக்கும், பாதிக் காது கம்ப்யூட்டர்ல இருக்கும். கேட்டு எழுதற பரீட்சைங்க அது. எனக்கு ரெண்டு காதும் வேணும்."

யுபிஎஸ்ஸைப் பார்த்தாள். விரிப்பைப் பார்த்தாள். "அழகா இருக்கு," என்றாள். அதை அவள் கிண்டலாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஜூன் 23, ஞாயிறு

வண்டியில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் ஷரோன் நடுவில் உட்கார்ந்துகொண்டு இருவருக்கும் சேர்த்துப் பேசினாள்.

தேர்வு அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது என்பதால் நானும் ஷரோனும் ஆசிக்கும் வாசலில் நின்றோம். நிஜ ஆசிக். மீசை சரியாக முளைக்காத, செல்போன் கவர் விற்கிற ஆள். என்னைப் பார்க்கவே கூச்சப்பட்டார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே, ஜெசி அக்கா என் நம்பரை வாங்கிக்கிட்டாங்க," என்றார். அவருக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்தேன். வேறென்ன செய்ய.

ஜெசி வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "எப்படி?" என்றேன். "கேட்டுச்சு," என்றாள். "எல்லாம் தெளிவாக் கேட்டுச்சு."

ஜூன் 26, புதன்

யுபிஎஸ்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். குழுவில் மூன்று பேர் சந்தேகம் கேட்டிருந்தார்கள். பதில் எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஜூன் 28, வெள்ளி

இருவரும் தேறிவிட்டார்கள். சுபைதா ஃபோனில் அழுதது எனக்குச் சமையலறை வரை கேட்டது. ஜெசி அழவில்லை. ஷரோனைத் தூக்கிக்கொண்டாள், அவள் இப்போது தூக்குகிற எடை இல்லை. நேர்காணல் அடுத்த மாதம்.

நான் கடைக்குப் போய் அல்வா வாங்கி வந்தேன். "நல்லதாப்போச்சு," என்று சொன்னேன். என் குரலை நானே கேட்டேன். அறிவிப்பு வாசிக்கிறவர் குரல் மாதிரி இருந்தது.

ஜூன் 30, ஞாயிறு

மதியம் ஷரோன் தூங்கிவிட்டாள். ஜெசி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் கதவருகில் நின்றேன்.

"நீங்க இன்னும் சொல்லல," என்றாள், நிமிராமல்.

"என்னத்தை?"

"போன்னு சொல்லல. போகாதேன்னும் சொல்லல. மார்ச்ல ஃபார்ம் போட்டப்ப நல்லதுதான்னீங்க. அல்வா வாங்கிட்டு வந்து நல்லதாப்போச்சுன்னீங்க. இதெல்லாம் ஊர்ல யார் வேணா சொல்லலாம்."

"போகாதே," என்றேன்.

வந்துவிட்டது. சொன்னதும் மிகவும் அசிங்கமாக இருந்தது, கூடவே மூச்சு சுலபமாக வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை.

"சரி. ஏன்?" என்றாள். "ஷரோனைத் தனியாப் பார்த்துக்க முடியாதா?"

"அதெல்லாம் முடியும்."

"நர்ஸோட புருஷன்னு ஊர்ல பேசுவாங்கன்னா?"

"இப்பவும் அப்படித்தான் பேசறாங்க."

"பின்ன?"

சீருடைப் பாவாடை ஒன்று அவள் மடியில் கிடந்தது, இன்னும் நீளம் குறைக்காதது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னேன். "நீ போனா திரும்பி வரமாட்டே. எங்களையும் அங்க கூப்பிட மாட்டே. அங்க உனக்கு நான் தேவைப்பட மாட்டேன். இங்கயாவது ஃப்யூஸ் போடவும் சிலிண்டர் மாட்டவும் இருக்கேன்."

வராமல் எப்படிப் போவேன், பைத்தியமா உங்களுக்கு என்று அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் அதைப் பிடித்துக்கொண்டு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், ராத்திரிக்குள் எல்லாம் சரியாகியிருக்கும். அவள் திட்டவில்லை. பாவாடையை மடித்து மேலே வைத்தாள்.

"எனக்கும் அந்தப் பயம் இருக்கு," என்றாள். "போனா எனக்கு அங்கயே பிடிச்சுப்போயிடுமோன்னு. தனியா ஒரு ரூம், சொந்தமா ஒரு சாவி, யாருக்கும் எதுவும் விளக்க வேணாம். அதை நினைச்சா சந்தோஷமா இருக்குங்க, சில நாள். அப்புறம் ஷரோன் முகத்தைப் பார்க்கவே பயமா இருக்கு. இதை நான் யார்கிட்ட சொல்லுவேன்? சுபைதாகிட்ட சொல்ல முடியுமா? உங்ககிட்டதான் சொல்லணும்னு ரெண்டு மூணு தரம் வந்தேன். நீங்க மேசைக்கு அடியில இருந்தீங்க."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. துணி இன்னும் பாதி இருந்தது.